ரீஸ்டார்ட் பண்ணாலும் போகாத கார்டுகள்

(எபிசோடில் பேசியதன் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

இந்தப் பொங்கலுக்கு எருமப்பட்டி போயிருந்தேன். நாமக்கல்ல இருந்து துறையூர் போற ரோட்டுல இருக்கிற ஊர். மொட்டை மாடியில ஏறினா கொல்லிமலை தெரியும். மலை தெரியாத பக்கமெல்லாம் கோழிப்பண்ணை ஷெட் தெரியும். எங்க மாமாவும் அங்க ஒரு பண்ணை வெச்சிருக்கார். அவருக்கு போன்ங்கிறது முக்கியமா மூணு விஷயம்: என்.இ.சி.சி. நாமக்கல்லுக்குச் சொல்ற முட்டை ரேட் வாட்ஸ்ஆப்ல வரணும், தீவனக் கடைக்கு ஜிபேல பணம் போகணும், சாயங்காலம் யூடியூப் பார்க்கணும்.

நான் போய் இறங்கினதும் காபிக்கு முன்னாடி போன்தான் கைக்கு வந்துச்சு.

"கண்ணு, இந்த போனை யாரோ எங்கிருந்தோ ஓட்டுறானுங்கன்னு நெனக்கிறேன். நைட்டு எல்லாத்தையும் தள்ளிவுட்டு ஆஃப் பண்ணி வெக்கிறேன். காலைல ஆன் பண்ணுனா நானு தொடாததெல்லாம் தொறந்து கெடக்குது."

சிரிச்சுட்டு நகர்ந்துடலாம்னுதான் முதல்ல தோணுச்சு. அப்புறம் அத்தை ஒண்ணு சொன்னாங்க. மூணு வாரமா மாமா ஜிபே திறக்கவே இல்லையாம். யாராவது பாஸ்வேர்டைப் பார்த்துட்டா பண்ணைப் பணம் போயிடும்னு பயம். தீவனத்துக்குப் பணம் கட்ட, பேங்க்ல வரிசையில நின்னு எடுத்துட்டு, அதை பைக்ல கொண்டுபோய்க் குடுத்துட்டு வர்றார். அறுபது வயசு ஆளு.

அதனால உட்கார்ந்து பார்த்தோம். ரீஸ்டார்ட் பண்ணேன். கீழே இருக்கிற சதுர பட்டனை அழுத்தினேன். அஞ்சு கார்டு. வாட்ஸ்ஆப், யூடியூப், கால்குலேட்டர் மூணும் அவர் முந்தின நாள் பயன்படுத்தினது. அன்னைக்குத் தள்ளிவிட மறந்திருக்கார். மீதி ரெண்டு: போன் கம்பெனியே வெச்சிருக்கிற ஒரு ஆப் ஸ்டோர், பேரே கேள்விப்படாத ஒரு ஷார்ட் வீடியோ ஆப். அந்த ரெண்டையும் மாமா வாழ்க்கையில திறந்ததே இல்ல.

இந்த மூணும் அந்த ரெண்டும் ஒரே மாதிரிதான் ஸ்க்ரீன்ல நிக்குது, ஆனா அங்க வந்து சேர்ந்த கதை வேற வேற. முதல்ல மூணோட கதை. இதுல பயப்பட எதுவும் இல்ல, ஆனா எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை.

2009 ஜூன்ல அமெரிக்காவுல பாம் ப்ரீ-ன்னு ஒரு போன் விற்பனைக்கு வந்துச்சு. அதுல இருந்த மென்பொருள் பேர் வெப்ஓஎஸ். அதோட தோற்றத்தை வடிவமைச்ச குழுவுக்குத் தலைவர் மத்தியாஸ் துவார்த்தே, சிலி நாட்டுல பிறந்தவர். திறந்திருக்கிற ஒவ்வொரு ஆப்பும் மேஜை மேல வெச்ச ஒரு சீட்டு மாதிரி இருக்கட்டும்னு அந்தக் குழு யோசிச்சது. பக்கவாட்டுல தள்ளினா அடுத்த சீட்டு. மேல தள்ளிவிட்டா அந்த ஆப் மூடிடும். நாம இன்னைக்கு விரலால பண்ற அதே சைகை.

வெப்ஓஎஸ்ல கார்டு இருந்தா ஆப் ஓடுதுன்னு அர்த்தம். தள்ளிவிட்டா செத்துச்சு. கார்டு அதிகமாகி மெமரி தீர்ந்துபோனா, "கார்டுகள் அதிகமாயிடுச்சு, சிலதை மூடுங்க"ங்கிற மாதிரி போனே புலம்பும். படமும் நிஜமும் ஒண்ணு. மாமா ஒரு கார்டைப் பார்த்து 'தொறந்து கெடக்குது'ன்னு சொல்றாரே, அந்தப் படத்தை உருவாக்கினவங்க நினைச்ச அர்த்தமும் அதுதான்.

பாம் கம்பெனி நிலைக்கல. 2010ல ஹெச்பி வாங்குச்சு, 2011 ஆகஸ்ட்ல வெப்ஓஎஸ் போன்களையே நிறுத்திடுச்சு. துவார்த்தே அதுக்கு முன்னாடியே, 2010ல, கூகுளுக்குப் போயிட்டார். 2011ல ஆண்ட்ராய்டு 3.0 டேப்லெட்ல ரீசன்ட்ஸ் பட்டன் வருது, அந்த வருஷக் கடைசியில 4.0ல போனுக்கும் வருது. சின்னச் சின்னப் படங்களா ஆப்கள், பக்கவாட்டுல தள்ளிவிடலாம். அதுக்கு முன்னாடி ஆண்ட்ராய்டுல ஹோம் பட்டனை அழுத்திப் பிடிச்சா கடைசியா திறந்த சில ஆப்களோட ஐகான் மட்டும் வரும், அவ்வளவுதான். ஐபோனும் 2013ல ஐஓஎஸ் 7ல கார்டுக்கு மாறிடுச்சு. தோத்த போனோட ஐடியா ஜெயிச்ச ரெண்டு போன்லயும் போய் உட்கார்ந்துடுச்சு.

ஆனா ஆண்ட்ராய்டோட உள்கட்டமைப்பு வேற மாதிரி. 2010 ஏப்ரல்ல ஆண்ட்ராய்டு எஞ்சினியர் டயான் ஹாக்போர்ன் அதை ஒரு கட்டுரையில விளக்கினாங்க. சுருக்கமா: நினைவகம் பத்தலன்னா பின்னாடி இருக்கிற ஆப்பை சிஸ்டமே கொன்னுடும். கொல்றதுக்கு முன்னாடி எந்த இடத்துல விட்டோம்ங்கிறதைக் குறிச்சு வெச்சுக்கும். நீங்க திரும்பி வரும்போது அந்தக் குறிப்பை வெச்சு மறுபடி கிளப்பிடும். ஆப் செத்துப் பிழைச்சது உங்களுக்குத் தெரியவே கூடாது. எது ஓடுது, எது ஓடலங்கிற கணக்கு உங்க தலைவலி இல்லை.

நம்ம ஊர் டவுன் பஸ்ல சீட்டுல துண்டு போட்டுட்டு ஆளு கீழ இறங்கி டீ குடிப்பாரு இல்லையா? ஆண்ட்ராய்டு கார்டுங்கிறது அந்தத் துண்டு. ஆள் உள்ள இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். துண்டு மட்டும் இருக்கும்.

2014ல ஆண்ட்ராய்டு 5.0 வந்தப்போ இன்னொரு படி போனாங்க. போனை ரீஸ்டார்ட் பண்ணாலும் ரீசன்ட்ஸ் பட்டியல் அழியாது. சிஸ்டத்துக்குள்ள சமீபத்திய வேலைகள்னு ஒரு ஃபோல்டர். ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு சின்ன குறிப்புக் கோப்பு. ஸ்க்ரீனோட படமும் தனியா சேமிச்சிருக்கும். போன் எழுந்ததும் அதையெல்லாம் படிச்சு கார்டுகளை வரிசையா மறுபடி அடுக்கும். ஐபோன்லயும் இதே கதைதான். ஆக, இது கோளாறே இல்லை. வேணும்னே செஞ்சது. அப்ப கார்டைத் தட்டினாதான் ஆப் உண்மையில கிளம்பும். அது வரைக்கும் அது வெறும் போட்டோ.

என்னோட குறை இதுதான்: 'இது ஓடுது'ன்னு சொல்றதுக்காக உருவான ஒரு படத்தை எடுத்து, 'இது எப்பவோ இங்க இருந்துச்சு'ன்னு சொல்றதுக்குப் பயன்படுத்திட்டாங்க. அந்த மாற்றத்தை யார்கிட்டயும் சொல்லல. அதனாலதான் உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான பேர் தினமும் படுக்குறதுக்கு முன்னாடி கார்டுகளைத் தள்ளிவிட்டுட்டுப் படுக்குறாங்க. 2016ல ஒருத்தர் ஆப்பிளுக்கு மெயில் போட்டு, இப்படி மூடினா பேட்டரி மிச்சமாகுமான்னு கேட்டார். மென்பொருள் பிரிவுத் தலைவர் கிரெய்க் ஃபெடரிகி இல்லைன்னு பதில் அனுப்பினார். ஆண்ட்ராய்டுக்குப் பொறுப்பா இருந்த ஹிரோஷி லாக்ஹைமரும் அதையே சொன்னார். மூடிட்டு மறுபடி முதல்ல இருந்து கிளப்புறது நிலைமையை மோசமாக்கக்கூடும்னும் சொன்னார். ஒரு விதிவிலக்கு இருக்கு: நம்ம ஊர்ல அதிகம் விக்கிற பல போன்கள்ல கம்பெனிக்காரங்க தங்களோட கணக்குப்படி ஆண்ட்ராய்டை மாத்தியிருப்பாங்க, அதுல கார்டைத் தள்ளினா ஆப் நிஜமாவே சாகும். அலாரம் அடிக்கல, மெசேஜ் லேட்டா வந்துச்சுங்கிற புலம்பல்ல பாதி இங்க இருந்துதான் வருது.

இதை மாமாகிட்ட துண்டு உதாரணத்தோட சொன்னேன். மூணு கார்டை ஒத்துக்கிட்டார். அப்புறம் கேட்டாரு பாருங்க: "செரி கண்ணு, இந்த ரெண்டு பேரும் பஸ்ஸுலயே ஏறலியே. துண்டு மட்டும் எப்படி வந்துச்சு?"

சரியான கேள்வி. பஸ் டிப்போவுல இருந்து கிளம்புறப்பவே போட்ட துண்டு அது.

போன் ஆன் ஆகி முடிச்சதும் ஆண்ட்ராய்டு உள்ளுக்குள்ள ஒரு அறிவிப்பு விடும்: 'எழுந்தாச்சு'. அனுமதி வாங்கி வெச்சிருக்கிற ஆப்கள் அதைக் கேட்டு வேலையைத் தொடங்கலாம். அலாரம் ஆப்புக்கெல்லாம் இது கட்டாயம் வேணும். இதைத் தப்பா பயன்படுத்துறாங்கன்னு தெரிஞ்சு, 2011லயே ஆண்ட்ராய்டு 3.1ல ஒரு தடை போட்டாங்க: புதுசா இறக்கின ஆப்பை நீங்க ஒரு தடவையாவது கையால திறக்கிற வரைக்கும் அதுக்கு அந்த அறிவிப்பு போகாது. 2019ல ஆண்ட்ராய்டு 10ல இன்னொரு தடை: பின்னாடி இருக்கிற ஆப் தானா ஸ்க்ரீனைத் திறந்துட்டு முன்னாடி வந்து நிக்க முடியாது.

ரெண்டு தடையுமே நல்ல தடை. ஆனா ரெண்டுலயும் ஒரு கதவு திறந்திருக்கு. கம்பெனியில இருந்தே போனோட சிஸ்டம் பகுதியில வெச்சு அனுப்புற ஆப்புக்கு முதல் தடை பொருந்தாது. தனிச் சலுகை குடுத்து வெச்சிருந்தா ரெண்டாவதும் பொருந்தாது. மாமா திறக்காத அந்த ஆப் ஸ்டோர், போன் எழுந்ததும் 'உங்களுக்காகச் சில ஆப்கள்'னு ஒரு பக்கத்தைத் திறந்து வெச்சுட்டு நின்னுச்சு. அதுதான் நாலாவது கார்டு.

மாமாவோட பயத்துக்கு இங்க ஒரு விஷயம் சொல்லிடணும். நிஜமாவே திருட வர்ற ஆப் ரீசன்ட்ஸ்ல வந்து முகம் காட்டணும்னு அவசியமில்லை. 'என்னை அந்தப் பட்டியல்ல காட்டாதே'ன்னு ஆப் எழுதுறவங்க ஒரே வரியில கேட்டுக்கலாம், ஆண்ட்ராய்டு மறுக்காது. நியாயமான காரணத்துக்கும் அதைப் பயன்படுத்துறாங்க, விளம்பரத் திருட்டு ஆப்களும் பயன்படுத்துது. அதனால ரீசன்ட்ஸைப் பார்த்து போன் சுத்தமா இருக்கு, இல்லைன்னு முடிவு பண்ண முடியாது. செட்டிங்ஸ்ல போய் முழு ஆப் பட்டியலைப் பார்க்கணும். எந்த ஆப்புக்கு எஸ்எம்எஸ் படிக்க அனுமதி, எதுக்கு அணுகல்தன்மை அனுமதின்னு பார்க்கணும். மாமா போன்ல அதெல்லாம் பார்த்தோம், ஒண்ணும் இல்லை.

சரி, டிப்போவுல துண்டு போட்டது யாரு?

2014 செப்டம்பர் 15ஆம் தேதி டெல்லியில சுந்தர் பிச்சை ஆண்ட்ராய்டு ஒன் போன்களை அறிமுகப்படுத்தினார். மைக்ரோமேக்ஸ், கார்பன், ஸ்பைஸ் மூணு கம்பெனி, விலை 6,399 ரூபாயில ஆரம்பம். ஒரு ஜிபி ரேம், 4 ஜிபி சேமிப்பு. நம்ம வீடுகள்ல முதல் ஸ்மார்ட்போன் வந்த காலம் கிட்டத்தட்ட அதுதான். அந்த 4 ஜிபில ஒரு பெரிய பங்கை சிஸ்டமும் கூடவே வந்த ஆப்களும் எடுத்துக்கும். குறைஞ்ச விலை போன்ல கம்பெனிக்கு லாபம் ரொம்ப மெலிசு. அதனால இன்னொரு வருமானம்: ஆப் கம்பெனிகள்கிட்ட பணம் வாங்கிட்டு அவங்க ஆப்பை ஏத்தி அனுப்புறது. நீங்க போன் வாங்கும்போது விலையைக் குறைச்சுக் குடுக்கிறவரு, மிச்சத்தை உங்க ஸ்க்ரீனை வாடகைக்கு விட்டுச் சம்பாதிச்சுக்கிறார். இது தப்பான வியாபாரம்னு நான் சொல்ல வரல. வாடகைக்கு விட்ட விஷயத்தை வீட்டுக்காரர்கிட்ட சொல்லலங்கிறதுதான் சிக்கல்.

மாட்ரிட்ல இருக்கிற இம்டியா நெட்வொர்க்ஸ் நிறுவனத்து ஆய்வாளர்களும் கூட்டாளிகளும் சேர்ந்து 1,700க்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு கருவிகள்ல முன்கூட்டியே ஏத்தியிருந்த 82,000க்கும் மேற்பட்ட மென்பொருள் கோப்புகளை ஆராய்ஞ்சாங்க. 214 கம்பெனிகளோட கருவிகள். யார் எழுதினது, யார் பொறுப்புன்னே தெரியாத அளவுக்கு ஒரு சந்தை இருக்குங்கிறதுதான் அவங்க கண்டது. இதைத் தொடர்ந்து 2020 ஜனவரியில பிரைவசி இன்டர்நேஷனல் உட்பட 50க்கும் மேற்பட்ட அமைப்புகள் சேர்ந்து ஒரு திறந்த கடிதம் எழுதினாங்க. கூடவே வர்ற ஆப்களை நிரந்தரமா நீக்க முடியணும், குறைஞ்ச விலை போன் வாங்குறவங்க தங்களோட அந்தரங்கத்தை விலையா குடுக்கக் கூடாதுன்னு. கடிதம் போனது சுந்தர் பிச்சைக்கு. மதுரையில பிறந்தவர். எருமப்பட்டியில இருந்து நாலு மணி நேரத்துல பஸ்ல போயிடலாம்.

இப்ப நம்ம நாட்டு வழக்குக்கு வர்றேன். இந்த எபிசோடே இதுக்காகத்தான்னு கூட சொல்லலாம்.

2018 ஜூலையில ஐரோப்பிய ஆணையம், ஆண்ட்ராய்டு விஷயத்துல கூகுளுக்கு 434 கோடி யூரோ அபராதம் போட்டுச்சு. அதே வருஷம் இங்க மூணு இளைஞர்கள், உமர் ஜாவீத், சுகர்மா தாப்பர், ஆகிப் ஜாவீத், இந்தியப் போட்டி ஆணையத்துல புகார் குடுத்தாங்க. பெரிய கம்பெனிகள் குடுத்த புகார் இல்லை இது. முதல் ரெண்டு பேரும் அந்த ஆணையத்துலயே ஆய்வு உதவியாளர்களா இருந்தவங்க, ஆகிப் அப்போ சட்டம் படிச்சிட்டிருந்த மாணவர். 2019 ஏப்ரல்ல ஆணையம் விசாரணைக்கு உத்தரவு போட்டுச்சு.

புகாரோட சாரம் ஒரு ஒப்பந்தம். பிளே ஸ்டோர் வேணும்னா போன் கம்பெனி கூகுளோட கையெழுத்துப் போடணும். போட்டா பிளே ஸ்டோர் மட்டும் தனியா வராது. சர்ச், குரோம், யூடியூப், மேப்ஸ், ஜிமெயில்னு மொத்தக் குடும்பமும் வரும், ஸ்க்ரீன்ல எங்க வைக்கணும்ங்கிறது வரைக்கும் எழுதியிருக்கும். 2022 அக்டோபர் 20ஆம் தேதி ஆணையம் தீர்ப்பு சொன்னது: மொத்தத் தொகுப்பையும் கட்டாயமாக ஏற்ற வைப்பதும், அதை நீக்க வழி தராததும் நியாயமற்ற நிபந்தனை. அபராதம் 1,337.76 கோடி ரூபாய். உத்தரவுகள்ல ஒண்ணு நம்ம மாமாவுக்காகவே எழுதின மாதிரி இருந்துச்சு: முன்கூட்டியே ஏற்றிய தன் ஆப்களைப் பயனாளர் நீக்குவதைக் கூகுள் தடுக்கக் கூடாது.

2023 ஜனவரி 19ல உச்ச நீதிமன்றம் உத்தரவுக்குத் தடை குடுக்க மறுத்துச்சு. ஆறு நாள்ல கூகுள் இந்தியாவுக்கான மாற்றங்களை அறிவிச்சுது: இனி போன் கம்பெனிகள் கூகுள் ஆப்களைத் தனித்தனியா தேர்ந்தெடுத்து ஏத்தலாம். அப்புறம் மார்ச் 29ல மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் தீர்ப்பு சொன்னது. அபராதத்தை அப்படியே உறுதி செஞ்சது. ஆனா ஆணையத்தோட உத்தரவுகள்ல நாலை ரத்து பண்ணுச்சு. அந்த நாலுல ஒண்ணு, நீக்குறதைத் தடுக்கக் கூடாதுங்கிற அதே உத்தரவு.

இதைப் படிச்சப்போ எனக்கு ஏமாற்றமா இருந்துச்சு. அபராதம் அரசாங்கத்துக்குப் போகும். ஆப் போன்லயே இருக்கும்.

இன்னொண்ணையும் கவனிக்கணும். அந்த வழக்கு மொத்தமும் கூகுளோட ஆப்களைப் பத்தினது. மாமா போன்ல இருந்த ரெண்டும் கூகுளோடது இல்லை, போன் கம்பெனி ஏத்தினது. அந்த வாசலை யாரும் இன்னும் சரியா தட்டவே இல்லை.

இந்த வரிசையில துண்டு போடப் பார்த்த அடுத்த ஆள் யாருன்னு உங்களுக்கே ஞாபகம் இருக்கும். 2025 நவம்பர் 28ல தொலைத்தொடர்புத் துறை ஒரு உத்தரவு போட்டுச்சு. விக்கிற எல்லாப் புது போன்லயும் 90 நாளுக்குள்ள சஞ்சார் சாத்தி ஆப் முன்கூட்டியே இருக்கணும், அதோட வசதிகளை முடக்கவோ கட்டுப்படுத்தவோ விடக் கூடாதுன்னு. திருட்டு போனைக் கண்டுபிடிக்கிறதுக்கும் போலி ஐஎம்இஐ-யைத் தடுக்கிறதுக்கும்னு காரணம் சொன்னாங்க. அந்த ஆப் பயனுள்ளதுதான், நானே போன் தொலைஞ்ச ஒரு ஃப்ரெண்டுக்கு அதுல புகார் பதிஞ்சு குடுத்திருக்கேன். ஆனா விஷயம் வெளியில வந்ததும் பெரிய எதிர்ப்பு. வேணாம்னா நீக்கிக்கலாம்னு அமைச்சர் சிந்தியா சொன்னார். டிசம்பர் 3ஆம் தேதி கட்டாயத்தையே திரும்ப வாங்கிட்டாங்க. கம்பெனிகள் பத்து வருஷமா சத்தமில்லாம செஞ்சதை, அரசாங்கம் காகிதத்துல எழுதிச் செய்யப் போய் அஞ்சு நாள்ல மாட்டிக்கிச்சு.

எருமப்பட்டிக்குத் திரும்பி வர்றேன். அந்த ரெண்டு கார்டையும் என்ன பண்ணோம்?

கார்டு மேல இருக்கிற ஐகானை அழுத்தினா 'ஆப் தகவல்'னு வரும். அங்க மூணு விதமான நிலைமை இருக்கலாம். 'நிறுவல் நீக்கு'ன்னு இருந்தா கவலையே இல்லை, தூக்கிடலாம். 'முடக்கு'ன்னு இருந்தா ஆப் சிஸ்டம் பகுதியில இருக்கு, இடம் திரும்பக் கிடைக்காது, ஆனா அது இனிமே எழுந்து நிக்காது. இந்த வசதி 2011ல ஆண்ட்ராய்டு 4.0ல வந்தது. மூணாவது, அந்த எழுத்தே சாம்பல் கலர்ல இருக்கும். தொட்டா ஒண்ணும் நடக்காது.

ஷார்ட் வீடியோ ஆப்ல 'முடக்கு' இருந்துச்சு, முடக்கினோம். ஆப் ஸ்டோர்ல சாம்பல் கலர். அதோட அறிவிப்புகளை நிறுத்தினேன், மொபைல் டேட்டாவை நிறுத்தினேன், ஆட்டோஸ்டார்ட் பட்டியல்ல தேடினேன். அதுல அந்த ஆப்போட பேரே இல்லை. கம்பெனி தன்னோட சொந்த ஆப்பை அந்தப் பட்டியல்ல சேர்க்கவே இல்லை.

மாமா பக்கத்துல உட்கார்ந்து எல்லாத்தையும் பார்த்துட்டே இருந்தார். பீரோவைத் திறந்து போன் வாங்கின பில்லை எடுத்துட்டு வந்தார். பன்னெண்டாயிரத்துச் சொச்சம். "பேரு என்னுதுதானே போட்டுருக்குது?"ன்னு கேட்டார். ஆமாங்க மாமான்னு சொன்னேன். பில்லை மடிச்சு மறுபடி பீரோவுல வெச்சுட்டார்.

மறுநாள் காலைல முட்டை ரேட் பார்த்துட்டு, தீவனக் கடைக்கு ஜிபேல பணம் அனுப்பினார். மூணு வாரத்துக்கு அப்புறம் முதல் தடவை. அந்த ஆப் ஸ்டோர் கார்டு இன்னமும் தினமும் வந்து நிக்குதாம், அவரும் தினமும் தள்ளிவிடுறாராம். நேத்து போன்ல சொன்னார்.

உங்க போன்லயும் இப்படி திறக்காம வந்து நிக்கிற ஆப் இருந்தா, அதுல 'நீக்கு' இருக்கா, 'முடக்கு' இருக்கா, சாம்பலான்னு பார்த்து எங்களுக்கு எழுதுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.